கடல் பக்கத்துக் கோடு

எங்கள் பாடசாலை அணி வாங்கிய கோல்களில் பெரும்பாலானவை இடது பக்கத்தால் வந்தவை. முதல் வருடம் அதைத் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் இடது பின்களத்தில் நின்ற பையனை மாற்றினேன். மூன்றாம் வருடம் அவனுக்கு முன்னால் நின்றவனையும் மாற்றினேன். ஆட்கள் மாறினார்கள், கோல்கள் அதே வழியால் வந்துகொண்டிருந்தன. அவர்களில் ஒருவனும் சோம்பேறி இல்லை. பந்து தெரியாதவனும் இல்லை. ஆனால் எதிரணி பந்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால், எங்கள் பையன் பக்கக் கோட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பான். எதிரணிக்காரன் குறைக்கமாட்டான். கோலுக்கு அது போதும்.

கல்வியியற் கல்லூரியில் படித்தபோது கல்லூரி அணிக்கு வலது பின்களத்தில் விளையாடியவன் நான். வேகம் எனக்கு இல்லை. எதிரே வருகிறவன் எந்தக் காலை ஊன்றுகிறான் என்று பார்த்து, அவன் திரும்பப்போகும் பக்கத்தில் முன்கூட்டியே நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டாகவே தெரியாது. பந்து என்னிடம் தானாக வந்து சேர்வதுபோலத்தான் இருக்கும். நான்கு பேர் கைதட்டும் ஆட்டம் அல்ல. ஆனால் என் பக்கத்தால் கோல் விழுந்தது குறைவு. அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

நியமனம் வரும்வரை ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். வீதி விபத்து, யானை புகுந்த வயல், கழகங்களுக்கு இடையிலான உதைபந்தாட்டம் என்று கல்முனையிலிருந்து அனுப்ப ஏதாவது இருக்கும். கொழும்பில் என் செய்தியைத் திருத்திய உதவி ஆசிரியர் தொலைபேசியில் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

“தம்பி, அபாரமாக எண்டதை வெட்டிட்டன். ஆர் அடிச்சது, எந்தக் காலால அடிச்சது, எங்க நிண்டு அடிச்சது. அது போதும்.”

பயிற்றுநராக நான் செய்ததெல்லாம் இதுதான். போட்டி முடிந்ததும் பையன்களை வட்டமாக இருத்தி ஒவ்வொருவனிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: என்ன நடந்தது? நல்லா விளையாடினோம், மோசமா விளையாடினோம் என்பது பதில் ஆகாது. நடுவர் சரியில்லை என்பதும் ஆகாது. நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் நாட்களில் யாருக்கும் வாய் வராது. பிறகு பழகிவிடும். பிறகு வீட்டிலும் அப்படித்தான் கதைக்கிறார்கள் என்று பெற்றோர் முறைப்பாடு சொல்வார்கள்.

என் முதல் நியமனம் சாகாமம் பக்கத்தில். குளமும் வயலும் சூழ்ந்த சிறிய பாடசாலை. அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். மரத்தால் கோல் கம்பம் நட்டால், காலையில் வந்து பார்க்கும்போது சில நாட்களில் கம்பம் சாய்ந்து கிடக்கும். யானை முதுகு தேய்த்துவிட்டுப் போயிருக்கும். “சேர், யானையும் பயிற்சிக்கு வந்திரிக்கி,” என்பார்கள் பையன்கள். அங்கே அணி என்று ஒன்றை உருவாக்குவதற்கே சில வருடங்கள் போயின. அதில் விளையாடிய ஒருவர் இன்று என்னைப்போல உடற்கல்வி ஆசிரியர். எங்கள் அணியை ஒரு முறை தோற்கடித்தும் இருக்கிறார். அன்று தோற்றதில் எனக்குக் கவலை வரவில்லை. அவருடைய பின்களம் நின்ற விதத்தைப் பார்த்தேன். எதிரே வருகிறவன் ஊன்றும் காலைப் பார்த்து நின்றது.

திருமணத்துக்குப் பிறகு மருதமுனைக்கு இடமாற்றம் எடுத்தேன். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவான். ஆகவே நான் வசிப்பது மனைவியின் வளவில். அதே வளவில், எங்கள் சுவருக்கு அடுத்த பக்கத்தில், மனைவியின் உம்மா தறி போட்டிருக்கிறா. கடற்கரைக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே ஒரு மணல் பாதையும் ஒரு தகரவேலியும் மட்டும்தான்.

பாடசாலையில் உதைபந்தாட்டம் இருந்தது, ஆனால் பலமாக இல்லை. கிரிக்கெட் பலமாக இருந்தது. பழைய மாணவர்கள் மைதானத்தின் நடுவே சீமெந்தில் ஒரு கிரிக்கெட் தளம் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, சீமெந்து மூட்டைகளையும் கொண்டுவந்து விளையாட்டு அறையில் அடுக்கிவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் பையன்கள் அந்த மூட்டைகளின் மேல் இருந்துதான் சப்பாத்துக் கட்டினார்கள். நடு மைதானத்தில் சீமெந்துத் தளம் வந்தால் அங்கே உதைபந்து விளையாட முடியாது. விழுகிறவனின் முழங்கால் என்ன ஆகும் என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதிபர் கணிதம் படிப்பித்தவர். நியாயமானவர். என்னை அறைக்குக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார்.

“சேர், நான் உங்களுக்கு எதிரி இல்ல. ஆனா பழைய மாணவருக்கு நான் என்ன சொல்ற? உங்கட புட்போல் வலயப் போட்டியில ஒரு தரமாவது வெண்டிரிக்கா?”

“இல்ல சேர்.”

“இந்த வருஷம் வலயத்தத் தாண்டி மாகாணத்துக்குப் போகட்டும். போனா மைதானத்த ஆரும் தொடாம நான் பாத்துக்கொள்றன். போகாட்டி, மறுகா என்னக் குறை சொல்லக்கூடாது.”

ஒப்புக்கொண்டேன். வேறு வழியும் இருக்கவில்லை. அந்தப் பருவத்தில் நான் செய்த எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த மூட்டைகள் இருந்தன.

பருவத்தின் முதல் நட்புப் போட்டியிலேயே தோற்றோம். ஒரே ஒரு கோல், அதுவும் இடது பக்கத்தால். அங்கே நின்றவன் அணியிலேயே உயரமான பையன். அவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். வாப்பா கடலுக்குப் போகிறவர். போட்டி முடிந்ததும் வட்டத்தில் இருத்திக் கேட்டேன்.

“என்ன நடந்தது?”

“பந்து வெளிய போச்சு சேர்.”

“போகல்ல. கோட்டுலதான் நிண்டது. அவன் வந்து எடுத்தான். நீ ஏன் நிண்ட?”

 பொய் சொல்லத் தெரியாத பையன்.

“திரும்பி வரும் எண்டு நினைச்சன் சேர்.”

வட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “டேய், பந்தா டா அது, வீட்டுப் பூனையா?” என்றான் ஒருவன். நான் சிரிக்கவில்லை. நிருபராக இருந்த காலத்தில் ஒன்றைக் கற்றிருந்தேன்: விசித்திரமான பதிலைச் சொல்கிறவன்தான் பெரும்பாலும் நடந்ததைச் சொல்கிறான்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் மேல் இருந்தேன். என் பையன்கள் எல்லோரும் அங்கே விளையாடி வளர்ந்தவர்கள்தான். பல வருடங்களாக அந்த ஆட்டத்தை வீட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். சத்தம் கேட்கும், தூசி தெரியும். அதைப் போட்டியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

ஆட்டம் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும். வடக்குத் தெருவின் கோல், வடக்குத் தெருக்காரரின் இரண்டு தோணிகளுக்கு நடுவே. தெற்குத் தெருவின் கோல், தெற்குத் தெருக்காரரின் தோணிகளுக்கு நடுவே. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவது கிடையாது. தன் தெருத் தோணியை விட்டுவிட்டு மற்றத் தெருத் தோணிக்கு முன்னால் நின்று எவனும் கோல் காக்கமாட்டான். எங்கள் பாடசாலைக்கு வருகிறவர்கள் வடக்குத் தெருப் பிள்ளைகள். அவர்கள் எப்போதும் தெற்கு நோக்கித்தான் தாக்குவார்கள். தெற்கு நோக்கி ஓடுகிறவனுக்குக் கடல் இடது கைப் பக்கம்.

கடல் பக்கத்தில் கோடு இல்லை. பந்து ஈர மணலில் சரிந்து தண்ணீருக்குள் போனால் ஆட்டம் நிற்பதில்லை. ஓர் அலை வரும். பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்துக்குப் பந்து போனால் மட்டும் யாராவது நீந்தி எடுப்பார்கள். ஆகவே கடல் பக்கம் நிற்கிறவன் பந்துக்குப் பின்னால் ஓடுவதில்லை. தண்ணீர் விளிம்பில் வேகத்தைக் குறைத்து, அலை எந்த இடத்தில் பந்தைத் தள்ளும் என்று கணக்குப் பார்த்து, அங்கே போய் நிற்பான். அதுதான் திறமை. நெட்டையன் அதில் கெட்டிக்காரன். நான் பார்த்த அந்த மாலையில் ஒரு தடவைகூட அவன் கணக்குப் பிழைக்கவில்லை.

புல் மைதானத்தில் அவனுடைய கால் அலைக்காகக் காத்திருந்தது. அவனுக்கு முன்பு அங்கே நின்ற எல்லோருடைய காலும் அப்படித்தான்.

எனக்கு அன்று வந்தது ஒரு பெரிய சந்தோஷம். அதைக் கொண்டுபோய் உடனே செயலில் இறக்கிவிட நினைத்தேன். ஆட்டம் நின்றதும் இரண்டு தெருப் பையன்களையும் கூப்பிட்டு, இனிமேல் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி விளையாடுங்கள் என்றேன். பாதி நேரமாவது கடல் அவர்களுக்கு வலது கைப் பக்கம் வரட்டும் என்பதுதான் என் எண்ணம்.

 வடக்குத் தெரு மூத்த பையன் ஒருவன் மரியாதையோடு கேட்டான்.

“சேர், எங்கட தோணிக்கு முன்னால அவன் நிக்கிறதா?”

“ஓம். பாதி நேரம்.”

“அவன்ட காக்கா போன கிழமை எங்கட வலைக்கு மேலால தோணிய இழுத்தவன் சேர்.” அண்ணனைத்தான் காக்கா என்றான்.

“உங்கட வலை எங்கட வழியில கிடந்தது,” என்றான் தெற்குத் தெருக்காரன் ஒருவன். “வழியில வலையப் போட்டுட்டு மீன் வரும் எண்டு பாத்துக்கொண்டிரிந்தா, தோணிதான் வரும்.”

“வாயக் காட்டாத. உங்கட கோல் காப்பாளனுக்குப் பந்தவிடப் பெரிய கண்ணாடி இரிக்கி, அதப் போட்டும் பந்து தெரியிதில்ல.”

“பக்கம் மாறினா எங்கட தோணிக்கு முன்னால நீ வந்து நிப்ப. அங்க நிண்டா உனக்கு நல்லாத் தெரியும், நாங்க எத்தின அடிக்கிறோம் எண்டு.”

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு வாப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்: “சேர், இது உங்கட பள்ளிக்கூடம் இல்ல. இங்க பக்கம் மாறினா மறுகா கலியாண சம்பந்தமும் மாறும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் சீமெந்து மூட்டைகளை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் வளவுக்குள் நுழையும்போது முற்றத்தில் மாமியின் பாவு நூல் நீட்டிக் கட்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் நூலை இழை இழையாக நேராக்கி முற்றம் முழுவதும் இழுத்துக் கட்டுவார்கள். அதன் மேல் ஒரு பந்து விழுந்தால் இழைகள் அறும், சிக்கும். அன்றைய வேலை போனதுதான். தகரவேலிக்கு அந்தப் பக்கம் கடற்கரை ஆட்டத்தின் தரைப் பக்கம். பந்து வேலிக்கு மேலால் வந்து விழுந்தால் மாமி அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. யாராவது ஒருவனின் உம்மா வந்து கேட்கும்வரை பந்து எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கும். ஒரு தடவை கத்தியால் கீறியும் கொடுத்திருக்கிறா. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அவவை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கீறிய பந்தின் கதையைப் பார்த்தவன் பார்க்காதவன் எல்லோரும் சொல்வார்கள்.

நான் முற்றத்தில் நின்று வேலியைப் பார்த்தேன். கடல் பக்கம் போன பந்து திரும்பி வரும். இந்தப் பக்கம் வந்த பந்து திரும்பி வராது. வடக்குத் தெருப் பையன்களுக்கு இது வலது கைப் பக்கம். எங்கள் அணியின் வலது பக்கத்தால் ஏன் கோல் விழுவதில்லை என்று நான் அதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை. நான் வலது பின்கள ஆட்டக்காரன் என்பதால் நன்றாகப் பயிற்றுவித்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த பயிற்சியில் நெட்டையனை வலது பின்களத்துக்கு மாற்றினேன். வலது பக்கம் நின்ற குட்டையான பையனை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அவனைக் கட்டையன் என்பார்கள். வீட்டில் உம்மாவும், அக்காமாரான ராத்தாமாரும் நெசவு. மாமியின் பாவை அறுத்தவர்களில் அவனும் ஒருவன். இடது கால் அவனுக்குச் சரியாக வராது.

அவன் போய் நின்று சுற்றிப் பார்த்தான்.

“சேர், இது கடல் பக்கமல்லா?”

பாடசாலை மைதானத்திலிருந்து கடல் தெரியாது. இருந்தும் அவன் அப்படித்தான் கேட்டான்.

“கடல் இல்ல,” என்றேன். “அந்தக் கோடு மாமிட வேலி. அங்கால பாவு கட்டியிரிக்கி.”

அவனுடைய தோள் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். முழங்கால் மடிந்தது. பந்தைக் கோட்டுப் பக்கம் உருட்டிவிட்டேன். கோட்டை அது தொடும் முன்பே கட்டையன் அதன் மேல் இருந்தான்.

நெட்டையன் மற்றப் பக்கத்திலிருந்து கத்தினான். “சேர், அப்ப எனக்கு என்ன பக்கம்?”

“உனக்கும் மாமிதான். ரெண்டு பக்கமும் மாமி.”

“ரெண்டு பக்கமும் மாமி எண்டா மனுசன் எங்கால ஓடுற?” என்றான் கோல் காப்பாளன். அன்றைய பயிற்சி கொஞ்ச நேரம் நின்றுபோனது.

ஒரு கிழமைக்குள் அது அணியின் கூப்பாடு ஆகிவிட்டது. பந்து கோட்டை நெருங்கினால் எல்லோரும் ஒரே குரலில் “மாமி” என்பார்கள். கோட்டுக்குக் கிட்ட நிற்கிறவன் பாய்வான். நெட்டையனுக்கு மட்டும் நாளெடுத்தது. கால் பழையபடி நிற்கும். கூப்பாடு கேட்டுத்தான் திடுக்கிட்டு ஓடுவான். அவனுக்காகவே சத்தத்தைக் கூட்டினார்கள். பாடசாலைக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டா. மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. சொல்ல வேண்டியதை என் மனைவியிடம், நான் கேட்கும் சத்தத்தில் சொல்லுவா. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் நான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருக்கும்போது ஆரம்பித்தது.

“புள்ள, உன்ட மாப்புளக்கிட்டக் கேளு. பள்ளிக்கூடத்துப் பொடியனுகள் பின்னேரம் முழுக்க மாமி மாமி எண்டு கத்துறானுகளே, அது ஆர்ர மாமிய?”

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

“உம்மா கேக்கிறா.”

“பந்து வெளிய போகாம இரிக்கிறதுக்கு ஒரு சொல் எண்டு சொல்லு,” என்றேன்.

“நான் ஒரு பந்தத்தான் கீறின. அதுவும் மூண்டாந் தரம் பாவ அறுத்ததுக்குப் புறகு. அத இண்டைக்கு வரைக்கும் கதைக்கிறானுகள் எண்டு சொல்லு.”

“பகிடிக்கு இல்ல எண்டு சொல்லு. அந்தப் பயம் இல்லாட்டி நாங்க வலயத்துல வெல்ல ஏலாது.”

 மாமி மனைவியின் கோப்பையில் மீன் துண்டு ஒன்றை வைத்துவிட்டு, “அப்ப கத்தட்டும்,” என்றா. “ஆனா பாங்கு சொல்ற நேரம் கத்தப்படாது எண்டு சொல்லு.”

வலயப் போட்டிகளில் முதல் இரண்டையும் வென்றோம். இரண்டிலும் எங்களுக்கு எதிராகக் கோல் விழவில்லை. இறுதிப் போட்டி கல்முனையில், அங்குள்ள ஒரு பெரிய பாடசாலையோடு. அவர்களுக்குச் சப்பாத்து முதல் காலுறை வரை ஒரே நிறம். எங்களில் சிலருக்குக் காலுறையே இல்லை. அதிபர் முச்சக்கரவண்டியில் வந்து குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பக்கத்தில் பழைய மாணவர் இருவர். நான் அவர்களைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். சீமெந்துத் தளத்துக்கு அவர்கள் அளவு எடுத்துப் போயிருந்தது எனக்குத் தெரியும்.

முதல் பாதி முழுவதும் அவர்கள்தான் விளையாடினார்கள். எங்கள் இடது பக்கம் பலவீனம் என்று அவர்களுடைய பயிற்றுநருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். எல்லாப் பந்தும் அந்தப் பக்கத்தால்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் “மாமி” என்ற சத்தம் எழுந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டையன் அங்கே இருந்தான். அவர்களுடைய முன்களத்தான் ஒருவன் எங்கள் கோல் காப்பாளனிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

“ஆர் மச்சான் அது, மாமி?”

“எங்கட கோச் சேர்ட மாமியார். இங்கதான் எங்கேயோ நிக்கிறா. பந்து வெளிய போனா கீறிப்போடுவா.”

அவன் உண்மையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

இடைவேளையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. பையன்களிடம் நான் அதிகம் சொல்லவில்லை. அவர்களுக்கும் மூட்டைகள் தெரியும். அதன் மேல் இருந்துதானே அன்றும் சப்பாத்துக் கட்டிவிட்டு வந்தார்கள்.

இரண்டாம் பாதி பாதியளவில் இருக்கும்போது அவர்களுடைய வலது முன்களத்தான் எங்கள் இடது பக்கத்தால் வந்தான். பந்தை நீளமாகத் தட்டிவிட்டான். அது கோட்டை நோக்கி ஓடியது. பந்து போய்விட்டது என்று முடிவு செய்து அவன் நின்றான். எறிவு யாருக்கு என்று நடுவரைப் பார்த்தான். கட்டையன் நிற்கவில்லை. பந்து கோட்டின் மேல் இருந்தது. பாதிக்கு மேல் வெளியே, ஆனால் முழுவதும் இல்லை. வலது காலை வளைத்து அதை உள்ளே இழுத்தான். இடது கால் சரியாக வராதவன் என்பதால்தான் அந்தக் காலை வளைக்க வேண்டியிருந்தது. இடது காலன் என்றால் பந்தை வெளியேதான் தள்ளியிருப்பான். எதிரணியினர் எல்லோரும் கையைத் தூக்கி நின்றார்கள். கோட்டு நடுவரின் கொடி உயரவில்லை. கட்டையன் எங்கள் முன்களத்தானுக்குப் பந்தைக் கோட்டோடு அனுப்பினான். அவன் கோலுக்குக் குறுக்கே உயர்த்தி அடித்தான். மற்றப் பக்கத்தால் ஓடி வந்தவன் நெட்டையன். பின்கள ஆட்டக்காரன் அவ்வளவு தூரம் வரக்கூடாது. வந்தான். பந்து எந்த இடத்தில் வந்து இறங்கும் என்று கணக்குப் பார்த்து, அங்கே போய் நின்று, தலையால் முட்டினான். 

அந்த ஒரு கோலோடு போட்டி முடிந்தது. நான் ஓடவில்லை, கத்தவில்லை.  மைதானத்தில் வட்டமாக இருத்திக் கேட்டேன்.

“என்ன நடந்தது?”

நெட்டையன்தான் முதலில் சொன்னான். “அவன் நிண்டான் சேர். கட்டையன் நிக்கல்ல.”

நான் எழுதியிருந்தாலும் அதைவிடச் சரியாக எழுதியிருக்கமாட்டேன். எத்தனையோ போட்டிச் செய்திகளை அனுப்பியிருக்கிறேன். அப்படி ஒரு முதல் வரி எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

அன்று வீட்டுக்கு வரும்போது மாமி தறியில் இருந்தா. கால் மிதி நிற்கவில்லை.

“புள்ள, அந்தப் பந்து வெளிய போனது எண்டு கல்முனையான் ஒருத்தன் கடையில கதைச்சானாம். போனதா எண்டு கேளு.”

“போகல்ல எண்டு சொல்லு,” என்றேன்.

“நானும் அப்படித்தான் சொன்ன.”

மாகாணப் போட்டி திருகோணமலையில். முதல் போட்டியிலேயே தோற்றோம். எதிரணி எங்களைவிட வேகமாக ஓடியது. எங்களைவிட அதிகமாகப் பயிற்சி எடுத்திருந்தது. இரண்டு பக்கக் கோடுகளாலும் எங்களுக்குக் கோல் விழவில்லை, நடுவால் விழுந்தன. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அடுத்த வருடத்துக்கு நடுக்களத்தில் யாரை நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூதூர் தாண்டிய பிறகுதான், அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது என்று நினைவு வந்தது. அதிபர் சொன்ன சொல் இருந்தது. ஆனால் பழைய மாணவர்கள் கொடுத்த சீமெந்தும் இருந்தது. மாகாணத்தில் முதல் நாளிலேயே தோற்றுத் திரும்பும் அணிக்காக ஓர் அதிபர் எவ்வளவு தூரம் வாதாடுவார்?

அவர் வாதாடியிருக்கிறார். அதை எனக்குச் சொன்னவர் அவர் அல்ல. பழைய மாணவர்களில் ஒருவர். அவர்களுடைய கூட்டத்தில் அதிபர் எழுந்து, வலயத்தைத் தாண்டினால் மைதானத்தைத் தொடுவதில்லை என்று தான் வாக்குக் கொடுத்ததாகவும், பிள்ளைகள் தாண்டிவிட்டதாகவும், இனி அந்த வாக்கைக் காப்பது தன்னுடைய முறை என்றும் சொன்னாராம். கணக்கு ஆசிரியர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று அங்கிருந்த யாரும் எதிர்பார்க்கவில்லையாம்.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் அதிபர் இறுதிப் போட்டிக்கு வந்திருந்த அந்தப் பழைய மாணவர் இருவரையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். நான் கோல் வலையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“சேர், சீமெந்த என்ன செய்யலாம்?” என்று கேட்டார்.

வடக்கு மதிலோரம் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பந்து வீசுகிறவன் ஓடிவரவும் இடம் இருந்தது. பழைய மாணவர்களில் மூத்தவர் காலால் நடந்து அளந்தார். முகம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு, “போதும், வலை கட்டினா நல்லா இரிக்கும்,” என்றார். இளையவர் என்னைப் பார்த்து, “சேர், அந்தக் கோட்டுப் பந்த நான் கிட்ட நிண்டு பாத்த. வெளிய போகல்ல,” என்றார். அதை அவர் தானாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

“நடு மைதானம் உங்களுக்கு,” என்றார் அதிபர். “எந்தெந்த நாள் வேணும்?”

“எல்லா நாளும்.”

“வெள்ளிக்கிழமை?”

“ஜும்ஆவுக்குப் புறகு.”

அவர் குடையை மடக்கிக்கொண்டு சிரித்தார். “நீங்க ஒள்ளமும் விட்டுத் தரமாட்டீங்க.”

“பின்களத்துல நிண்டவன் சேர்,” என்றேன்.

அடுத்த நாள் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட அணிக்கு ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தேன். வழமையாக இரண்டு அணிக்கு ஆள் சேர்ப்பதே கஷ்டம். ஆறாம் வகுப்புக்காரனைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டியிருக்கும். மணியடித்து நான் மைதானத்துக்கு வந்தபோது மதிலோரம் முழுவதும் பையன்கள். சப்பாத்து உள்ளவன், இல்லாதவன், ரியூஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புத்தகப் பையோடு வந்தவன். தெற்குத் தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். எங்கள் பாடசாலையில் சேர இடம் இருக்கிறதா என்று ஒருவன் என்னிடம் கேட்டான். விசிலை ஊதி எல்லோரையும் நடுவுக்குக் கூப்பிட்டு இரண்டாகப் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நான்காகப் பிரித்தேன்.